ஊட்டிக் குளிரும் கீமோவும்

குடல் புற்றுநோய்க்கு ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றிக்கொண்டு ஊட்டி, குன்னூர் திரும்புகிறவர்கள் கவனிக்க. இந்த மருந்து ஏறிய சில நாட்களுக்கு நரம்பு குளிர் தாங்காது. காலையில் பைப் தண்ணீரை அப்படியே குடித்தால் தொண்டை இறுகி மூச்சடைப்பதுபோல் இருக்கும். சில்லென்ற எவர்சில்வர் டம்ளரைத் தொட்டாலே விரல் சுரீரென்னும். தண்ணீரை வெதுவெதுப்பாக்கி பிளாஸ்க்கில் வையுங்கள். ஃப்ரிட்ஜை வேறு யாராவது திறக்கட்டும். வெளியே போனால் மஃப்ளரால் மூக்கையும் வாயையும் மூடுங்கள்.

வாய்ப்புண்ணுக்கு ஐஸ் சப்பச் சொல்வார்கள், நல்ல யோசனைதான். இந்த மருந்துக்கு மட்டும் ஆகாது. பதிலுக்கு 240 மி.லி. இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் டீஸ்பூன் ஆப்பசோடா, அரைக்கால் டீஸ்பூன் உப்பு கலந்து, சாப்பிடும் முன்னும் பின்னும் கொப்பளித்துத் துப்புங்கள். மிளகு ரசம் வேண்டாம், எரியும். குழைந்த சோறு, பருப்பு, மசித்த கேரட் இறங்கும். நிஜமாகவே மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி.