ஹார்விச் கப்பலும் ஒரு விண்ணப்பப் படிவமும்

9 ஜனவரி 2025, வியாழன்

சங்கக் குழுக் கூட்டம் இரவு பத்தரை வரை நீண்டது. லொத்தர் பணத்தில் மரபுரிமைத் திட்டங்களுக்கு உதவும் தேசிய லொத்தர் மரபுரிமை நிதியத்துக்கு விண்ணப்பிக்கிறோம் என்று முடிவாகிவிட்டது. 1987இல் இலங்கையிலிருந்து அகதிகளாகப் பிரித்தானியாவில் வந்து இறங்கிய எங்கள் தமிழ் ஆட்களின் கதைகளை அவர்கள் வாயாலேயே ஒலிப்பதிவு செய்து, ஆவணகம் ஒன்றில் சேர்ப்பதுதான் திட்டம்.

லண்டனில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வருடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. பெப்ரவரியில் திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் ஏறத்தாழ அறுபது பேர், ஹீத்ரோவில் விமானம் ஏற மறுத்து, மாரிக்குளிரில் உடைகளைக் களைந்து நின்றார்கள். அந்த வருடமே, உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றி வரும் நிறுவனம் ஆளுக்கு ஆயிரம் பவுண் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. மே மாதம் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய பயணிகள் கப்பலை ஹார்விச் துறைமுகத்தில் கட்டி, அதையே தடுப்பு முகாமாக்கினார்கள். அதில் அடைக்கப்பட்டவர்களில் நிறையப் பேர் எங்கள் ஆட்கள். ஒக்டோபர் 16 அதிகாலை, தென் இங்கிலாந்தையே புரட்டிப்போட்ட புயலில் கப்பல் கட்டறுந்து போய்த் தரைதட்டி நின்றது.

இவற்றை அனுபவித்தவர்கள் சொல்லி நான் கேட்டது கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும்தான். அன்று இருபது வயதுப் பொடியன்களாக இருந்தவர்களுக்கு இன்று அறுபது நெருங்கிவிட்டது.

20 ஜனவரி, திங்கள்

முழு விண்ணப்பத்துக்கு முன் திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிக் கருத்துக் கேட்கும் முன்விசாரணைப் படிவத்தை அனுப்பியாயிற்று. கட்டாயமில்லை என்றாலும் அனுப்புவது புத்தி. பத்து வேலை நாட்களுக்குள் பதில் வரும் என்கிறார்கள். பத்தாயிரம் பவுணிலிருந்து இரண்டரை இலட்சம் வரையான பிரிவில்தான் கேட்கிறோம். எங்கள் தொகை ஒரு இலட்சத்துக்குள் நிற்கும்.

2 பெப்ரவரி, ஞாயிறு

லண்டன் ஹரோவில் ஐயா ஒருவரைப் பார்க்கப் போனோம். கப்பலில் இருந்தவர். தேநீர் முடிந்ததும் எழுந்து போய் ஒரு பிளாஸ்திக் உறையைக் கொண்டுவந்தார். முடிவு வரும்வரை நாட்டில் இருக்க விட்ட தற்காலிக அனுமதிக் கடிதம், நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்து, ஒட்டுநாடாவால் ஒட்டியது. ஒட்டுநாடா மஞ்சளாகி, அதன் கீழிருந்த எழுத்து மட்டும் கறுப்பு மாறாமல் இருக்கிறது. குடியுரிமை கிடைத்து எத்தனையோ காலம். இன்னும் இதைக் கடவுச்சீட்டோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்.

“எல்லாம் சொல்கிறேன், பிள்ளை. பெயரைப் போடாதே. ஊரில் தம்பியின் குடும்பம் இருக்கிறது. நான் என்ன சொல்லி உள்ளே வந்தேன் என்பதை இப்போது யாராவது தோண்டினால்?”

அவரைச் சமாதானப்படுத்த நான் முயலவில்லை. அவருடைய பயம் காரணமில்லாத பயம் அல்ல. 1988 பெப்ரவரியில் இந்த நாடு ஐந்து தமிழரை இலங்கைக்குத் திருப்பி அனுப்பியது. அவர்களின் வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 1991இல் பிரித்தானியாவுக்குச் சார்பாகவே முடிந்தது. ஐயா அந்தத் தீர்ப்பை நேற்று நடந்ததுபோல் சொன்னார்.

11 பெப்ரவரி, செவ்வாய்

இந்த நிதியில் உருவாகும் டிஜிட்டல் ஆக்கங்களைத் திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டும், உரியவர் பெயரைக் குறிப்பிட்டு எவரும் எடுத்தாளலாம் என்பது விதி. பொதுப் பணத்தில் செய்தது பொதுவுக்குச் சேரட்டும் என்ற நோக்கம் நியாயமானது. ஆனால் ஐயாவின் குரலை யாரும் வெட்டி எங்கும் ஒட்டலாம் என்றால் அவர் வாயே திறக்கமாட்டார். நிதியத்திடமே கேட்டோம். தனிப்பட்டவர்களின் விவரங்கள் சம்பந்தப்பட்ட இடத்தில் விதிவிலக்குக் கேட்கலாம், காரணத்தை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள் என்று பதில் வந்தது.

ஆகவே ஒப்புதல் படிவத்தை மூன்று தெரிவுகளோடு தமிழில் எழுதுகிறோம்: பெயரோடு திறந்திருப்பது, பெயரில்லாமல் திறந்திருப்பது, குறித்த வருடம் வரை பூட்டி வைப்பது. பேசியவர் பதிவை முழுதாகக் கேட்டு, வேண்டாத பகுதியை நீக்கிய பிறகே கையெழுத்து. இதைப் பின்னிணைப்பாக வைக்கப் போவதில்லை. விண்ணப்பத்தின் முதுகெலும்பே இதுதான்.

23 பெப்ரவரி, ஞாயிறு

நாள் முழுவதும் வரவுசெலவுத் திட்டம். ஒலிப்பதிவுக் கருவிக்கு அதிகம் போகாது. பணம் போவது எழுத்துக்கு. ஒரு மணி நேரப் பேச்சை எழுதியெடுக்க ஆறேழு மணி நேரமாவது வேண்டும். வடமராட்சிப் பேச்சைக் கேட்டு எழுதி, பிறகு ஆங்கிலப்படுத்துவதென்றால் இன்னும் கூடும். விண்ணப்பம் எழுதிக்கொடுப்பதைத் தொழிலாகச் செய்யும் ஒருவர், ஆங்கிலச் சுருக்கம் போதும், தமிழ் எழுத்துப்படியைத் தூக்கிவிட்டால் தொகை அழகாகக் குறையும் என்று யோசனை சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. பேசியவருக்கே வாசிக்க முடியாத ஆவணம் யாருக்கு? தமிழ்ப்படி இருக்கும். எழுதுகிற இளையவர்களுக்குக் கூலியும் இருக்கும். எங்கள் வேலைகளில் மொழிபெயர்ப்பு என்றாலே ‘தொண்டு’ என்று கணக்கெழுதும் பழக்கத்துக்கு இந்த முறை இடமில்லை. கண்காட்சி மண்டப வாடகையைக் குறைத்தோம்.

திட்டத்தின் பலனை மதிப்பிடும் செலவையும் எதிர்பாராச் செலவையும் தனி வரியாகக் காட்டியிருக்கிறோம். விண்ணப்பிக்க நினைக்கும் மற்றச் சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ஒரு இலட்சத்துக்குள் என்றால் பாதிப் பணம் முதலில், நாற்பது வீதம் இடையில், கடைசிப் பத்து வீதம் எல்லாம் முடிந்து அறிக்கை கொடுத்த பிறகு. அந்தப் பத்து வீதத்தைச் சங்கக் கணக்கு தாங்குமா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

6 மார்ச், வியாழன்

விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியவை: சங்கத்தின் யாப்பு (அமைப்பு விதிகள்), கணக்கறிக்கை, வங்கிக் கடிதம். வங்கியில் சங்கத்தின் பெயர் ஓரெழுத்துப் பிழையோடு இருக்கிறது. திருத்த ஒரு வாரமாம்.

16 மார்ச், ஞாயிறு

நிதியத்தின் நான்கு கோட்பாடுகளுக்கும் பதில் எழுத வேண்டும்: மரபுரிமையைக் காத்தல், சுற்றுச்சூழல், எல்லோரையும் சேர்த்தல், அமைப்பின் நிலைபேறு. எல்லாவற்றுக்கும் ஒரே கனம் கொடுக்கத் தேவையில்லை. சுற்றுச்சூழலுக்கு உண்மையைத்தான் எழுதினோம்: ஹார்விச்சுக்கு மூத்தவர்களையும் பிள்ளைகளையும் ரயிலில், மானிங்ட்ரீயில் மாறி, கூட்டிப்போகிறோம். மற்ற இரண்டும் எளிதாக வந்தன. முதலாவதில்தான் இரவு ஒரு மணியாயிற்று. இது ஏன் இப்போதே செய்யப்பட வேண்டும் என்ற கேள்விக்கு, சென்ற வருடம் நாங்கள் கொள்ளி வைத்து அனுப்பியவர்களில் யார் யார் அந்தக் கப்பலில் இருந்தார்கள் என்று எழுதினேன், பெயரில்லாமல்.

27 மார்ச், வியாழன்

மாலை அனுப்பிவிட்டோம். எட்டு வாரங்களில் மதிப்பிடுவார்கள். அதன் பிறகு முடிவுக் கூட்டம். அனுமதி வருமுன் செய்த வேலைக்கு நிதியத்தில் பணம் கேட்க முடியாது.

ஹரோ ஐயாவுக்கு அடுத்த வெள்ளி இருதயச் சத்திரசிகிச்சை. அவருடைய பதிவை வரவுசெலவிலிருந்து எடுத்துவிட்டேன். செலவைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். புதன் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். மூன்று தெரிவுகளில் எதைக் குறிப்பது என்று மகளோடு பேசி முடிவுசெய்திருக்கிறாராம்.