வினைக்கட்டுப்பாட்டுக் காரணி: 16 கிராம் போட்டு 17 கிராம் எடுத்தவனின் அனுபவம்

பதினொன்றாம் வகுப்பு காலாண்டுத் தேர்வில் ஒரு ஐந்து மதிப்பெண் கணக்கைப் பக்கம் முழுக்க எழுதி, விடைக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு வேறு போட்டு, கடைசியில் ஒரே ஒரு மதிப்பெண் வாங்கினேன். அதுவும் சமன்பாட்டைச் சமன் செய்ததற்கு. 14 கிராம் நைட்ரஜனும் 2 கிராம் ஹைட்ரஜனும் வினைபுரிந்தால் எவ்வளவு அம்மோனியா கிடைக்கும் (N₂ + 3H₂ → 2NH₃) என்பதுதான் கேள்வி. கிராமை மோலாக மாற்றும் வரை, அதாவது கிராமை மூலக்கூறு நிறையால் வகுக்கும் வரை, ஒழுங்காகத்தான் போனேன்: நைட்ரஜன் 0.5 மோல், ஹைட்ரஜன் 1 மோல். இரண்டில் சின்னது 0.5, அதனால் நைட்ரஜன்தான் முதலில் தீரும், 1 மோல் அம்மோனியா வரும், அதாவது 17 கிராம். முடிந்தது கதை.

உள்ளே போட்டது மொத்தமே 16 கிராம். வெளியே 17 கிராம் எடுத்திருக்கிறேன். பேப்பர் கைக்கு வந்த பிறகும் இது என் கண்ணில் படவில்லை, பக்கத்து பெஞ்சு நண்பன்தான் காட்டிச் சிரித்தான்.

வினையில் முதலில் தீர்ந்துபோய், விளைபொருள் எவ்வளவு வரும் என்று முடிவு செய்கிற பொருளுக்குத்தான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி (limiting reagent) என்று பெயர். எனக்கு இந்தப் பாடம் உண்மையில் புரிந்தது வகுப்பில் இல்லை, ஒரு கல்யாண மண்டபத்தில். அத்தை மகள் கல்யாணத்துக்கு முந்தின இரவு, ஜமுக்காளத்தில் உட்கார்ந்து தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தோம். பைக்கு ஒரு தேங்காய், இரண்டு வெற்றிலை, ஒரு பாக்குப் பொட்டலம். "எத்தனை பைடா தேறும்?" என்று சித்தப்பா கேட்டார். தேங்காய் 180, வெற்றிலை 300, பாக்கு வேண்டிய அளவு இருக்கிறது. தேங்காய்தானே குறைச்சல் என்று "180 சித்தப்பா" என்றேன். "பைக்கு ரெண்டு வெத்தல வெச்சா 300 வெத்தல எத்தனை பைக்குடா வரும்?" என்றார். 150. முப்பது தேங்காய் மிச்சம். எண்ணிக்கையில் அதிகமாக இருந்த வெற்றிலைதான் முதலில் தீர்ந்தது, ஏனென்றால் ஒவ்வொரு பைக்கும் அது இரண்டிரண்டாகப் போகிறது. காலாண்டுத் தேர்வில் ஹைட்ரஜனிடம் நான் ஏமாந்ததும் இதே கணக்கில்தான். ஒரு நைட்ரஜனுக்கு ஹைட்ரஜன் மூன்று மூன்றாகப் போகிறது, நான் அதைப் பார்க்கவே இல்லை.

அப்புறம் நான் பிடித்துக்கொண்ட வழி இதுதான். சமன்பாட்டைச் சமன் செய்ய வேண்டும், கிராமை மோலாக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு மோலையும் சமன்பாட்டில் அந்தப் பொருளுக்கு முன்னால் நிற்கும் எண்ணால் வகுக்க வேண்டும். எதற்கு ஈவு சின்னதாக வருகிறதோ அதுதான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. அந்த ஈவு என்பது வேறொன்றும் இல்லை, "எத்தனை பை தேறும்" என்பதுதான், ஆகவே அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மீதிக் கணக்கு முழுவதும் அதை வைத்துத்தான் ஓடும். அம்மோனியாவில் நைட்ரஜனுக்கு 0.5 ÷ 1 = 0.5, ஹைட்ரஜனுக்கு 1 ÷ 3 = 0.333. ஹைட்ரஜன்தான் தீர்கிறது. அம்மோனியாவுக்கு முன்னால் 2 இருப்பதால் 0.333 × 2 = 0.667 மோல், 17ஆல் பெருக்கினால் 11.33 கிராம். நைட்ரஜன் 0.5இல் 0.333 போக 0.167 மோல் மிச்சம், அதாவது 4.67 கிராம். கூட்டிப் பாருங்கள்: 11.33 + 4.67 = 16. போட்டது வந்துவிட்டது. இந்தக் கூட்டலுக்கு அரை நிமிடம்கூட ஆகாது, அன்றைக்கு நான் இதைச் செய்திருந்தால் அந்த நான்கு மதிப்பெண்ணும் கையில் இருந்திருக்கும்.

இரண்டு வினைபடுபொருளையும் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு விளைபொருள் தரும் என்று கணக்கிட்டு, குறைவானதை எடுத்துக்கொள்ளும் முறையும் உண்டு. தப்பில்லை. ஆனால் நீட்டில் 180 நிமிடத்தில் 180 கேள்வி, கால்குலேட்டர் கிடையாது, தப்பு விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். எனக்கு வகுக்கும் முறைதான் கைக்கு வந்தது.

2014 ஏஐபிஎம்டி என்ற அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வில் வந்த ஒரு கேள்வியை இன்றைக்கும் டியூஷன் பிள்ளைகளுக்கு முதலில் கொடுப்பேன். 1 கிராம் மெக்னீசியத்தை மூடிய கலனில் 0.56 கிராம் ஆக்சிஜனோடு எரித்தால் எது, எவ்வளவு மிஞ்சும்? பாதிப் பேர் ஒன்றிலிருந்து 0.56ஐக் கழித்து "மெக்னீசியம் 0.44" என்று சொல்லிவிடுவார்கள், அதுவும் விருப்ப விடைகளில் ஒன்றாகச் சிரித்துக்கொண்டு நிற்கும். கிராமைக் கிராமோடு கழிக்க இது மளிகைக் கணக்கு இல்லை. ஆக்சிஜன் 0.56 ÷ 32 = 0.0175 மோல். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறுக்கு இரண்டு மெக்னீசியம் என்பதால் 0.035 மோல் மெக்னீசியம், 0.84 கிராம் செலவு. மிச்சம் 0.16. இங்கே இன்னொரு குழி, ஆக்சிஜனுக்கு 16 போடுவது. வாயுவாக இருக்கும் ஆக்சிஜன் இரண்டு அணு சேர்ந்த இரட்டை ஆள், 32தான். ஹைட்ரஜன், நைட்ரஜன், குளோரின் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான்.

பெரிய எண்ணைக் காட்டி மிரட்டும் கேள்விகளும் வரும். 500 கிராம் கால்சியம் கார்பனேட்டில் 1 மோலார் (லிட்டருக்கு 1 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மில்லி ஊற்றினால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு? அந்த 500 சும்மா பூச்சாண்டி. அமிலம் 0.1 மோல்தான் இருக்கிறது, ஒரு கார்பனேட்டுக்கு இரண்டு அமிலம் வேண்டும், ஆக 0.05 மோல் வாயு, 2.2 கிராம். கார்பனேட்டில் 5 கிராம் கரையும், மீதி 495 அப்படியே கிடக்கும். வாயுவின் கன அளவைக் கேட்டால் மட்டும் கேள்வியை இன்னொரு முறை படியுங்கள், 0 டிகிரி செல்சியஸில் அழுத்தம் 1 அட்மாஸ்பியர் என்றால் மோலுக்கு 22.4 லிட்டர், 1 பார் என்றால் 22.7.

இன்னொன்று, "வினைக்கட்டுப்பாட்டுக் காரணி" என்ற சொல்லே கேள்வியில் இருக்காது. இரண்டு வினைபடுபொருளுக்கும் அளவு கொடுத்திருந்தால் அது இந்த வகைக் கணக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். விளைச்சல் சதவீதம் (கணக்குப்படி வர வேண்டியதில் உண்மையில் கிடைத்த பங்கு) கொடுத்திருந்தால் அதைக் கடைசியில்தான் பெருக்க வேண்டும், ஆரம்பத்திலேயே எதையாவது 80 சதவீதமாகக் குறைத்துவிட்டு முழிக்காதீர்கள்.

சரி, ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 5.4 கிராம் அலுமினியம், 14.2 கிராம் குளோரின் வாயு, அலுமினியம் குளோரைடு எவ்வளவு கிடைக்கும்? மோல் இரண்டுக்கும் 0.2 என்றுதான் வரும், அதனால் "சின்னது எது" என்று பார்க்கிற பழைய பழக்கம் இங்கே செல்லாது. 1.8 கிராம் அலுமினியம் மிஞ்சினால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.