அழகர் குதிரைக்கு நடுவே அப்பத்தா

அக்கா மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். பொம்மை வாங்கிக் கொடுத்தால் கேக் தீர்வதற்குள் சக்கரம் கழன்றுவிடும். இந்த முறை கையாலேயே ஒரு படப் புத்தகம் செய்து கொடுக்கலாம் என்று முடிவெடுத்தேன். மதுரையில் இருந்துகொண்டு கதைக்கு அலைய வேண்டியதில்லை. அழகர் ஆற்றில் இறங்குகிற கதையில் தங்கக் குதிரை இருக்கிறது, ஆறு இருக்கிறது, துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு தவளை இருக்கிறது. துர்வாசர் சாபத்தால் தவளையாகிப்போன முனிவருக்கு விமோசனம் கொடுக்க அழகர் தேனூர் மண்டபத்துக்கு எழுந்தருளுகிறாரே, அந்தத் தவளைதான். தங்கச்சி கல்யாணத்துக்கு நேரத்துக்கு வர முடியாமல் கோபித்துக்கொண்டு திரும்பிய அண்ணன் கதையும் ஊரில் உண்டு. குடும்பச் சண்டை எல்லாம் அவள் வளர்ந்த பிறகு தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

டவுன்ஹால் ரோடு பக்கத்துச் சந்தில் பைண்டிங் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் யோசனை கேட்டேன். "ஜெராக்ஸ் பேப்பர் கனம் 75 ஜிஎஸ்எம்தான் தம்பி, வாட்டர் கலர் வச்சா அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். 150 வாங்கு" என்றார். தாளை நெடுக்கிலும் குறுக்கிலும் வளைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் மல்லுக்கட்டாமல் வளைகிறதோ அப்படித்தான் மடிக்க வேண்டுமாம். மாற்றி மடித்தால் புத்தகத்தின் முதுகு வெடித்துவிடும் என்றார். அப்புறம் கணக்கு. ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம். நாலு தாள் எடுத்தால் 16 பக்கம். நட்ட நடுவில் வரும் 8, 9 இரண்டும் ஒரே தாளின் உள்பக்கம் என்பதால் அங்கே மட்டும் ஒரு பெரிய படத்தைத் தொடர்ச்சியாக வரையலாம். அங்கேதான் குதிரை. வால் இடது பக்கம், தலை வலது பக்கம்.

குதிரையை முடித்துவிட்டு அழகருக்குச் சிவப்புப் பட்டு கட்டலாம் என்று பிரஷ்ஷைத் தொட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

"சிவப்பு கட்டுனா ஊருக்கு ஆகாதுடா!"

"இது படம்மா."

"படத்துல கட்டுனா மட்டும் ஆகுமா? பச்சை கட்டு. மழை நல்லா பேயும்."

பச்சை கட்டினேன். அடுத்து அப்பா. பொதுப்பணித்துறையில் ஓய்வு பெற்றவர். ஆற்றுக்கு நான் அடித்திருந்த நீலத்தைக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "வைகையில எந்த வருஷம்டா இவ்வளவு தண்ணி? எத்தனை கன அடி திறந்துவிட்டதா நினைச்சு வரைஞ்சிருக்க?" என்றார். ஐந்து வயசுப் பிள்ளைக்குக் கன அடி எதற்கு என்று நான் கேட்டிருக்கக் கூடாது. 1959-இல் வைகை அணை திறந்த கதையிலிருந்து ஆரம்பித்துவிட்டார். அவர் முடிப்பதற்குள் பெயிண்ட் காய்ந்துவிட்டது.

இதை எல்லாம் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா கடைசியில் வாயைத் திறந்தது.

"கூட்டத்துல நான் எங்கய்யா இருக்கேன்?"

சொம்பில் சர்க்கரை நிரப்பி, வாய்க்கு வாழை இலை கட்டி, மேலே சூடம் ஏற்றி, மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையில் நிற்பது அப்பத்தாவுக்கு ஆண்டுக்கு ஆண்டு தவறாத வழக்கம். அதனால் கேள்வி நியாயமானது. ஆனால் தனிப் பக்கம் வேண்டுமாம். பக்கத்தை ஒன்று ஒன்றாகச் சேர்க்க முடியாது, சேர்த்தால் நாலாகத்தான் சேரும் என்று விளக்கினேன். "அப்ப நாலும் எனக்கா?" என்று முகம் மலர்ந்தது. கடைசியில் அப்பத்தாவுக்கு இரண்டு பக்கம், அம்மாவின் நீர்மோர்ப் பந்தலுக்கு ஒன்று, அப்பாவின் அணைக்கு ஒன்று என்று பாகம் பிரித்தோம். சொத்துகூட இவ்வளவு சுமுகமாகப் பிரிந்திருக்காது.

சரி, புதுத் தாளை வெளியே சுற்றிவிடலாம், குதிரைக்கு ஒன்றும் ஆகாது என்றேன். அப்பத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "அட்டை ஓரத்துல என்னை ஒதுக்குறியா? அழகர் பக்கத்துல போடு." அழகர் பக்கத்தில் என்றால் நடுவில். நடுவில் செருகினால் எட்டாம் பக்கத்தில் குதிரையின் வால், அதன் பிறகு அப்பத்தா, சொம்பு, மோர்ப் பந்தல், வைகை அணை எல்லாம் வந்து போய், பதின்மூன்றாம் பக்கத்தில்தான் தலை வரும். சொல்லிப் பார்த்தேன். "பெரிய குதிரைதானே" என்றது அப்பத்தா.

முதுகில் மூன்று ஓட்டை போட்டு, நடு ஓட்டையில் ஆரம்பித்து மேலே, கீழே போய் மறுபடி நடுவிலேயே வந்து முடிச்சுப் போடும் தையல். நூல் வாங்கக் குன்னத்தூர் சத்திரம் போனேன். மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருந்த புதுமண்டபத்துக் கடைகள் அங்கே மாறிய பிறகும் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் புதுமண்டபம்தான். அடுக்கி மடித்தால் உள்தாள் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அதை ஓரம் வெட்டித் தருகிறேன் என்று பைண்டிங் பெரியவர் வாங்கி வைத்துக்கொண்டார். வெட்டியதில் அப்பா ஓரமாகப் பென்சிலால் எழுதி வைத்திருந்த கன அடி எண்ணிக்கை மொத்தமாகப் போய்விட்டது. அப்பா அந்தக் கடைக்குப் போய்க் குப்பைக் கூடையில் தேடினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பிறந்தநாள் அன்று பாப்பா புத்தகத்தை வாங்கினாள். வாலைப் பார்த்தாள். பக்கம் திருப்பினாள், திருப்பினாள், தலை வந்தது. "அம்மாடி, எவ்ளோ நீளக் குதிரை! பூட்டியைத் தாண்டிப் போகுது!" என்று கத்தினாள். வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் உட்கார வைத்து அந்தக் குதிரையைத்தான் காட்டினாள். அப்பத்தா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

அடுத்த வாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது புத்தகத்தைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் சாபம் நீங்கி, தாடியோடு கைகூப்பி நின்ற முனிவரைக் காணோம். அவர் மேல் பச்சைக் கிரேயானை அழுத்தித் தேய்த்து, இரண்டு முட்டைக் கண்ணும் வைத்திருந்தாள்.

"என்ன பாப்பா இது?"

"தவளை எங்க போச்சுன்னு தேடுனேன் மாமா. இல்ல. நானே போட்டுட்டேன்."

துர்வாசருக்கு அடுத்து அந்த முனிவரைச் சபித்தது எங்கள் வீட்டுப் பிள்ளைதான். அக்காவிடம் முறையிட்டேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "அடுத்த சித்திரைக்கு அழகர் வந்து சரி பண்ணிக்குவாருடா, நீ சாப்பிட உக்காரு" என்றாள்.