பூட்டும் ஈரமும்: மலையகத்து வீட்டில் துவக்கு

"வீட்டில சின்னப் பிள்ளைகள் யாரும் இல்லையே, பிறகு எதுக்குப் பூட்டு?" இலங்கையின் மலையகத்தில் துவக்குகளைத் துடைத்து, பழுது பார்த்து, ஆண்டு முடிவில் அனுமதிப்பத்திரப் புதுப்பிப்புக்கு ஆயத்தப்படுத்தும் வேலையில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டார்கள். கேட்பவர்கள் பொறுப்பில்லாதவர்கள் அல்லர். பெரும்பாலும் ஓய்வு பெற்ற தோட்ட உத்தியோகத்தர்கள், பிள்ளைகள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போனபின் தனித்திருக்கும் தம்பதிகள், காட்டுப்பன்றிக்காகத் துவக்கு வாங்கிய மரக்கறித் தோட்டக்காரர்கள்.

பிள்ளை இல்லாத வீடு என்பது ஆண்டு முழுவதும் பிள்ளை வராத வீடு அல்ல. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேரப்பிள்ளைகள் வருவார்கள். அடுத்த லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசை) பையன் பந்தைத் தேடி உள்ளே வருவான். அதைவிட முக்கியம், கோயில் திருவிழாவன்று வீடே காலியாக இருப்பது ஊருக்கே தெரியும். கதவின் பின்னால் சாய்த்த துவக்கும், கட்டிலுக்கடியில் சாக்கில் சுற்றிய துவக்கும் பத்து நிமிடத்தில் கைமாறிவிடும். அதன்பின் அது எங்கே வெடித்தாலும் பொலிஸ் முதலில் தட்டும் கதவு அனுமதிப்பத்திரத்தில் பெயர் உள்ளவருடையது.

இன்னொரு காரணத்தைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டிலுள்ள பெரியவர்களுக்கே பூட்டு தேவைப்படும் நேரம் வரலாம். இலங்கை இதைப் பூச்சிமருந்தில் கற்றுக்கொண்டது. மிகக் கொடிய நஞ்சுகளுக்கு 1995 இலும், எண்டோசல்பானுக்கு 1998 இலும் தடை வந்தது. 1995 இல் ஒரு லட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை வீதம் 2005 இல் 24 அளவுக்கு இறங்கியது. மக்களின் துயரம் அந்தப் பத்தாண்டில் பாதியாகிவிடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒன்று எட்டாமல் போனது, அவ்வளவுதான். அந்த ஒரு கொடிய மணிநேரம் கடந்துவிட்டால் பெரும்பாலானோர் மீண்டு வருகிறார்கள். தோட்டத்து மருந்து ஸ்டோருக்குப் பூட்டுப் போடுவதை யாரும் கேள்வி கேட்பதில்லை. துவக்குக்கும் அதே நியாயம்தான். துணையை இழந்த வீட்டிலும், குடியோ கடனோ மனச்சோர்வோ உள்ள வீட்டிலும் பூட்டு மட்டும் போதாது. கொஞ்ச காலத்துக்குத் துவக்கு அந்த வீட்டை விட்டே வெளியே இருக்கவேண்டும். பொலிஸ் நிலையத்தில் பேசி ஒப்படைத்து ரசீது வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனம் விட்டுப் பேச 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணும் இருக்கிறது.

இனி அலுமாரி. 12 போர் (குழலின் உள்விட்ட அளவு) இரட்டைக்குழல் துவக்கு, 28 அங்குலக் குழலோடு, கழற்றாமல் முழுதாக இருக்கும் நிலையில் ஏறத்தாழ 115 சென்ரிமீற்றர் வரும். உள்ளுயரம் 130 சென்ரிமீற்றர் இருந்தால் மேலே கை போக இடமிருக்கும். தகடு 2 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. கதவுக் கீல் உள்பக்கமாக இருக்கவேண்டும், வெளியே தெரிந்தால் வாளால் அறுத்துவிடலாம். கோப்பு வைக்கும் அலுமாரியை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அதன் தகடு ஒரு இரும்புக் கம்பிக்கே வளைந்து கொடுக்கும்.

சுவரில் இறுக்காத அலுமாரியை இரண்டு பேர் அப்படியே தூக்கிக்கொண்டு போவார்கள். மலையகத்தில் இந்த இடத்தில்தான் வேலை பிழைக்கிறது. பழைய பங்களாக்களின் சுவர் கருங்கல்லும் சுண்ணாம்பும் மண்ணும் கலந்தது. கடையில் கிடைக்கும் விரியும் போல்ட்டை அதில் இறுக்கினால், கலவை பொடியாகி போல்ட் சும்மா சுற்றும். சாந்து இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, தட்டிப் பார்த்து முழுக்கல் உள்ள இடத்தைக் கண்டுபிடித்து, 12 மில்லிமீற்றர் துளையை 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் போட்டு, தூசியை ஊதியும் பிரஷால் தேய்த்தும் எடுத்துவிட்டு, ரெசின் பசை நிரப்பி, 10 மில்லிமீற்றர் மரைக்கம்பியைச் செருகவேண்டும். தூசி இருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது. நுவரெலியாக் குளிரில் பசை இறுக எடுக்கும் நேரம் கொழும்பில் எடுப்பதைவிட அதிகம். குப்பியில் குளிர்நிலைக்கு எழுதியுள்ள நேரம் முடியும்வரை நட்டைத் தொடக்கூடாது. இப்படி நான்கு இடத்தில். முழுக்கல் கிடைக்காவிட்டால் கொங்கிறீட் தரையில் இறுக்கலாம். பலகைத் தரையென்றால் பலகையில் இல்லை, அதன் கீழுள்ள உத்தரத்தில்.

எந்தச் சுவர் என்பதும் ஒரு கேள்வி. வெளிச்சுவர் மழைக்காலத்தில் ஈரம் இழுக்கும். அதிலிருந்து விலக்கி இடைவெளி விட்டால், திருடனின் கம்பி நுழைய வழியாகும். ஆகவே உட்சுவர்தான் நல்லது. கணப்படுப்பின் பக்கச் சுவர் உலர்வாக இருக்கிறதே என்று சிலர் தேர்ந்தெடுக்கிறார்கள். இரவில் சூடும் பகலில் குளிருமாக மாறி மாறி வந்தால் துவக்கின் மரக்கட்டை வெடிப்பு விடும்.

ஈரம்தான் இந்த நாட்டுப் பக்கத்துக்கே உரிய சிக்கல். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் பனிமூட்டம் ஜன்னல் வழியே வீட்டுக்குள் வரும். நன்றாகப் பூட்டிய இரும்புப் பெட்டி கள்வனை வெளியே வைக்கும், ஈரத்தை உள்ளே வைக்கும். ஈரத்துக்குப் பயந்து கதவைச் சற்றே திறந்து வைப்பவர்களும் உண்டு. அது பூட்டே இல்லாததற்குச் சமம். ஏறக்குறைய 3 சதவீத ஈரத்தோடு உலர்த்தியை விட்டு வரும் தேயிலைத் தூளைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று தொழிற்சாலைக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை. அலுமாரிக்கும் அதே வழி: நன்றாக மூடு, உள்ளிருக்கும் ஈரத்தை ஏதாவது ஒன்று உறிஞ்சட்டும்.

துணிப்பையில் 500 கிராம் சிலிக்கா ஜெல் போதும். நிறம் மாறும் மணிகளில் செம்மஞ்சள் வகை நல்லது, நீலத்தில் கோபால்ட் நஞ்சு இருக்கிறது. பையை நிறுத்துப் பார்ப்பது நிறத்தை நம்புவதைவிடச் சரி: 600 கிராமைத் தொட்டால் எடுத்து, 110 முதல் 120 பாகை செல்சியஸில் இரண்டு மூன்று மணிநேரம் உலர்த்தவேண்டும். அதற்குமேல் சூடாக்கினால் நிறம் தரும் பொருள் கெட்டுவிடும். அலுமாரியின் பின்தகட்டில் பயன்படுத்தாத துளைகள் இருந்தால் அடைக்கவேண்டும், இல்லாவிட்டால் பை வீட்டின் ஈரத்தையே உறிஞ்சிக்கொண்டிருக்கும். கறியுப்பு வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நீர் சேர்ந்து கசிந்தால் அந்த உப்புநீர் ஒரே மழைக்காலத்தில் குழலைத் தின்றுவிடும். கடையில் விற்கும் தண்ணீர் சேரும் பிளாஸ்டிக் டப்பாக்களில் இருப்பதும் ஒரு வகை உப்புதான்.

தோலுறையிலும் கன்வஸ் உறையிலும் துவக்கை நீண்ட நாள் வைக்கக்கூடாது. உறை ஈரத்தைக் குடித்து உலோகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஸ்பொன்ஜ் ஒட்டிய அலுமாரியில், துவக்கு சாயும் இடத்தில் மட்டும் கோடு கோடாகத் துரு பிடித்திருப்பதைப் பார்க்கலாம். குளிரில் இருந்து சூடான வீட்டுக்குள் வந்த துவக்கு வேர்க்கும். அப்படியே பூட்டினால் அந்த நீர் உள்ளேயே இருக்கும். அரை மணிநேரம் கண்முன்னே வைத்திருந்து, துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசிய பிறகு உள்ளே வைக்கவேண்டும். எண்ணெய் கூடினால் மெல்ல இறங்கிக் கட்டையை ஊறவைக்கும். அதனால்தான் குழல்வாய் கீழே இருக்கும்படி ஒரு சிறு மெத்தையின்மேல் நிறுத்துவது வழக்கம்.

இதற்கெல்லாம் முன் வெறுமையாக்குதல். ஆள் இல்லாத பாதுகாப்பான திசையில் குழல்வாய், விரல் விசைக்கு வெளியே, துவக்கை மடக்கித் திறந்து தோட்டாக்களை எடுத்து எண்ணிப் பை ஒன்றில் போட்டு, பின்பக்கமாக இரு குழலையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கவேண்டும். இதை வாசலில் செய்யவேண்டும், வீட்டுக்குள் வந்தல்ல.

தோட்டா வேறு பெட்டியில், வேறு பூட்டில். வாங்கிய மாதத்தைப் பெட்டியில் எழுதிப் பழையதை முதலில் பயன்படுத்துங்கள். பித்தளை அடி பச்சை பிடித்ததையும், உடல் ஊதியதையும் ஒதுக்கிவிடவேண்டும். ஊதிய தோட்டாவைக் குழலுக்குள் அழுத்தித் தள்ளுவது பெரிய தவறு. ஈரம் குடித்த வெடிமருந்து "புஸ்" என்று மெலிதாக வெடித்தால், உள்ளிருக்கும் அடைப்பு குழலில் நின்றுவிடலாம். அதற்குப் பின்னால் இன்னொரு தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும். சத்தம் குறைந்தால் வேட்டு அத்தோடு நிற்கட்டும், அரை நிமிடம் குழல்வாயைத் திருப்பாமல் பொறுத்து, திறந்து, பின்பக்கமாகக் குழலைப் பாருங்கள். கெட்ட தோட்டாவை எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம், பொலிஸ் நிலையத்தில் கேட்டு ஒப்படையுங்கள்.

சாவி சாமிப்படத்துக்குப் பின்னாலும், அரிசிப் பானைக்குள்ளும், பங்களா அப்புவின் (சமையற்காரரின்) சாவிக்கொத்திலும் இருந்தால் அது பூட்டல்ல. அனுமதிப்பத்திரம் வீட்டுக்கல்ல, ஆளுக்கு. சாவியும் அந்த ஆளிடம் மட்டும்தான். இலக்கப் பூட்டென்றால் பிறந்த ஆண்டு வேண்டாம். பற்றரியை மழைக்காலம் தொடங்குமுன் மாற்றுங்கள், ஈரத்தில் அது கசியும்.

1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் இன்றும் எல்லாம் நடக்கிறது. அனுமதிப்பத்திரத்தை ஒக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரையான காலத்துக்குள் அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்கவேண்டும். பயிர்ப் பாதுகாப்புத் துவக்கென்றால் மாவட்டச் செயலகம், தற்பாதுகாப்பென்றால் பாதுகாப்பு அமைச்சு. 2024 இன் இறுதியில் தற்பாதுகாப்புத் துவக்குகளைத் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி அமைச்சு கேட்டது. இப்படி ஓர் அறிவித்தல் வரும்போது துவக்கின் தொடர் இலக்கம் கையில் இருக்கவேண்டும். அனுமதிப்பத்திரத்தின் பிரதியைத் துவக்கோடு வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். இரண்டும் சேர்ந்து திருட்டுப் போனால் முறைப்பாட்டில் எழுத இலக்கமே இருக்காது. அனுமதியில்லாத நாட்டுத் துவக்கை எந்த அலுமாரியும் சட்டப்படி ஆக்காது.

வயோதிபத் தம்பதி வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஐயா காலமானபின் அம்மா அந்தத் துவக்கை அலுமாரியிலேயே விட்டுவிடுவார். "அவர் வச்சிருந்த மாதிரியே இருக்குது" என்பார், கண்ணும் கலங்கும். ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் அனுமதிப்பத்திரம் உள்ளவர் யாரும் இல்லை. செய்தியைப் பொலிஸ் நிலையத்துக்கும் அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கும் உடனே தெரிவிக்கவேண்டும். துவக்கைத் தானே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகாமல், முதலில் தொலைபேசியில் சொல்லி அவர்கள் சொல்லும் வழியில் ஒப்படைத்து, தொடர் இலக்கம் எழுதிய ரசீதை வாங்கிக்கொள்ளவேண்டும். சாவி எங்கே இருக்கிறது என்று ஐயா உயிரோடிருக்கும்போதே எழுதி, முத்திரையிட்ட உறையில் வங்கிப் பெட்டகத்திலோ சட்டத்தரணியிடமோ வைத்திருந்தால், அந்த நாளில் யாரும் அலுமாரியை உடைக்கவேண்டி வராது.