பெக்டரி மெக்கானிக்கின் கெமரா கொப்பி

தேயிலை பெக்டரிகளில் மோட்டர், பேன், ரோலர், ட்ரையர் என்றே பாதி ஆயுள் போயிருக்கிறது. கெமரா கைக்கு வந்தது பிள்ளைகள் தலையெடுத்த பிறகுதான். ஹட்டனில் ஒருவர் பாவித்து விற்ற கெமரா, அதோடு வந்த சூம் லென்ஸ், பிறகு காசு சேர்த்து வாங்கிய 50 மில்லிமீட்டர் லென்ஸ், பாரமான ஒரு ட்ரைபொட். சாமான் இவ்வளவுதான். கொழுந்து வந்து இறங்குவதிலிருந்து தூள் மூட்டையாகி லொறி ஏறுவது வரை ஒரு பெக்டரியின் வேலையைப் படத்தொகுப்பாகச் செய்ய வேண்டும் என்பது ஆசை. முக்கால்வாசி முடிந்திருக்கிறது. பழைய தொழில் இதில் எங்கெங்கே கைகொடுத்தது என்பதை எழுதி வைக்கிறேன். வேறு ஏதாவது தொழில் செய்துவிட்டுக் கெமரா பிடிக்க வருகிற யாருக்காவது உதவும்.

முதலில் உதவியது சீ.ஆர். கொப்பி என்கிற தடித்த அட்டைக் கொப்பி. பெக்டரியில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு வரலாறு எழுதுவோம். எத்தனை மணித்தியாலம் ஓடியது, மோட்டர் எத்தனை அம்பியர் இழுத்தது, எந்தப் பெயரிங் எப்போது மாற்றியது, எல்லாம் அதில் இருக்கும். அதே பழக்கத்தில் படத்துக்கும் ஒரு கொப்பி போட்டேன். ஷட்டர், அப்பச்சர், ஐஎஸ்ஓ என்ற வெளிச்ச அமைப்புகளை எல்லாம் கெமராவே படத்தோடு பதிந்து வைத்துக்கொள்கிறது. அதனால் அதற்குத் தெரியாததைத்தான் எழுதுகிறேன். இரவு மழை பெய்ததா, காற்று எந்தப் பக்கம், எங்கே நின்றேன், எதைப் பார்த்து நின்றேன், படத்தில் என்ன வந்தது. கடைசி இரண்டுக்கும் இடையில் இருக்கும் தூரம்தான் நான் கற்க வேண்டியது. அது எழுதினால்தான் தெரிகிறது.

கோளாறு பார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அடிப்படை. மோட்டர் ட்ரிப் அடிக்கிறது என்று பெல்ட், பெயரிங், ஓவர்லோட் மூன்றையும் சேர்த்து மாற்றினால் மெஷின் ஓடும், ஆனால் நோய் என்னவென்று தெரியாது. காசல்ரீ நீர்த்தேக்கத்துப் பக்கம் ஒரு சவுக்கு மரத்தை வைத்து இந்த முறையில்தான் பழகினேன். அதே மரம், அதே இடம், அதே லென்ஸ். ஒரு காலை வெளிச்ச அளவு மட்டும் மாறும், இன்னொரு காலை நிற்கும் உயரம் மட்டும். பார்ப்பவர்களுக்கு அலுப்பான வேலையாகத் தெரியலாம். எனக்கு இதைவிட வேகமான பாடம் கிடைக்கவில்லை.

மிஸ்ட் படம் பிடிபட்டதும் இப்படித்தான். கெமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடும். பனிமூட்டம் வெள்ளை. அதையும் அது சாம்பலாக்கித் தரும், மலை முழுக்க அடுப்படிப் புகை படிந்த மாதிரி. ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், சில வேளை அதற்குக் கொஞ்சம் மேலே ஏற்றினால் வெள்ளை வெள்ளையாக நிற்கிறது. வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் வலது ஓரத்தை முட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். மீட்டர் பொய் சொல்வதில்லை, அதற்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறது. கேஜ் முள்ளை அப்படியே நம்பாமல், இது எதை அளக்கிறது என்று முதலில் கேட்கிற புத்தி பெக்டரியில் வந்தது.

மிஸ்ட் எப்போது விழும் என்று பார்ப்பதற்கும் ஒரு பெக்டரிச் சாமான் இருக்கிறது. வாடிய கொழுந்தை ரோலரில் போட்டு முறுக்கும் ரோலிங் அறைச் சுவரில் இரண்டு தெர்மோமீட்டர் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்றின் குமிழ் காய்ந்திருக்கும், மற்றதில் ஈரத் துணி சுற்றியிருக்கும். காற்று காய்ந்திருந்தால் ஈரத் துணியில் இருந்து நீர் ஆவியாகி அதன் அளவு கீழே போகும். இரண்டுக்கும் வித்தியாசம் குறையக் குறையக் காற்றில் ஈரம் கூடுகிறது என்று அர்த்தம். கொழுந்து வாட்டும் மாடியில் வித்தியாசம் கூட வேண்டும், ரோலிங் அறையில் குறைய வேண்டும். அதே ஜோடி ஒன்றை வீட்டு முற்றத்தில் தொங்கவிட்டேன். பின்னேரம் மழை விட்டு, இரவு வானம் தெளிந்து, காற்று அடங்கி, இரண்டு அளவும் ஒன்றையொன்று நெருங்கினால் விடியற்காலை பள்ளத்தில் மிஸ்ட் பஞ்சாக நிற்க நல்ல வாய்ப்பு. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் இது அடிக்கடி சரிவரும். நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி விழுந்து கொழுந்து கருகுவதும் இதே காலத்தில்தான், இதே மாதிரி தெளிந்த இரவுகளில்தான்.

ஈரம் லென்ஸுக்குச் சத்துரு. மலையகத்தில் பையில் போட்டு வைத்த லென்ஸில் பூஞ்சணம் பிடிப்பது சாதாரணம். ட்ரான்ஸ்போமர் மூச்சு விடும் பிரீதர் என்ற பாகத்தில் சிலிக்கா ஜெல் மணிகள் இருக்கும். உள்ளே போகும் காற்றின் ஈரத்தை அதுதான் குடிக்கும். குடித்து நிறைந்ததும் நீலம் மாறி ரோஸ் நிறமாகும். அதே மணிகளைக் கடையில் வாங்கி, இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, ஈரமானி ஒன்றும் வைத்து, 40 முதல் 50 வீதத்துக்குள் வைத்திருக்கிறேன். சூடாக்கினால் மணி திரும்பவும் வேலைக்கு வரும். நீல மணியில் கோபால்ட் இருப்பதால் சமைக்கிற சட்டியில் வறுக்க வேண்டாம், தனிச் சட்டி வையுங்கள். செம்மஞ்சள் நிறத்தில் வருவதை வாங்கினால் இன்னும் நல்லது.

சரி, பெக்டரிக்குள் போவோம். உள்ளே எடுத்த படங்களில் கறுப்புப் பட்டைகள் ஓடின. எலக்ட்ரிக் வேலை தெரிந்தவனுக்கு அது உடனே விளங்கும். நம் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்ஈடியும் விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்குகின்றன. ஷட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி திறந்தால் அந்த ஏற்ற இறக்கத்தின் ஒரு துண்டுதான் கிடைக்கும். நூறில் ஒன்று அல்லது ஐம்பதில் ஒன்று வைத்தால் முழு அலையும் உள்ளே வந்துவிடும், பட்டை போய்விடும்.

ரோலரைப் படம் எடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். வேகமான ஷட்டரில் எடுத்தால் ரோலர் நிறுத்தி வைத்த மெஷின் மாதிரி இருக்கிறது. அதன் உயிர் சுற்றுவதில். நான் எடுத்த ரோலர் நிமிடத்துக்கு 40 சுற்று. அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை விநாடி. ஒரு விநாடி திறந்து வைத்தால் மூன்றில் இரண்டு பங்கு சுற்றி முழுக்கக் கரைந்துவிடும். கால் விநாடி என்றால் ஆறில் ஒரு சுற்று. கொழுந்து நிறைந்த பெட்டி வளைந்து நகர்வது தெரியும், பித்தளைத் தட்டின் விளிம்பும் கண்ணுக்கு அகப்படும், பக்கத்துத் தூணும் அசையாமல் நிற்கும். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் கெமராவைத் தூக்கினேன். அதற்குப் பிறகு கணக்கை யோசிக்கவே தேவை இருக்கவில்லை. வெளிச்சம் எங்கே விழுகிறது, ரோலருக்குப் பக்கத்தில் நிற்பவரின் தோள் எப்படிச் சாய்கிறது என்று பார்க்க மனசு காலியாக இருந்தது.

ட்ரைபொட்டை எங்கே ஊன்றுவது என்பதும் மெக்கானிக் விஷயம்தான். வாட்டும் மாடியில் பேன் ஓடினால் பலகைத் தரை முழுக்க அதிரும். பலகையின் நடுவில் உள்ளங்கையை வைத்தால் நன்றாக உணரலாம். உத்தரத்துக்கு நேர் மேலே கையை வைத்தால் அதிர்வு குறைந்திருக்கும். ட்ரைபொட்டின் கால் அங்கேதான். கீழே ரோலிங் அறையில் மெஷின் நிற்கும் அத்திவாரத்தில் ஊன்றக் கூடாது, அதற்கு வெளியே கொங்கிரீட் தரையில் ஊன்ற வேண்டும். இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கழுத்தில் தொங்கும் கெமரா வாரோடு ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் யாரும் போகக் கூடாது. எந்தப் படமும் ஒரு விரலுக்கு ஈடாகாது.

ஹெரல்ட் எட்ஜர்ட்டன் என்ற அமெரிக்க எலக்ட்ரிக்கல் இன்ஜினியரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மோட்டர்களை ஆராய்வதற்காக, சுற்றுகிற வேகத்துக்கே விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கை உருவாக்கினார். சுற்றும் மோட்டர் அந்த வெளிச்சத்தில் நின்றுவிட்ட மாதிரித் தெரியும். அதே விளக்கை அப்புறம் வேறு பொருட்கள் பக்கம் திருப்பினார். பால் துளி விழுந்து கிரீடம் போலத் தெறிக்கும் அந்த வர்ணப் படம் 1957இல் அவர் எடுத்தது. மோட்டரைப் பார்க்கப் பழகிய கண்தான் பால் துளியையும் பார்த்தது.

இதுவரை சொன்னது அளக்கக்கூடியவை. அளவு நிற்கிற இடத்தை ஒரு டீமேக்கர், பெக்டரியில் தேயிலை தயாரிப்பைப் பார்ப்பவர், காட்டினார். ரோலரில் இருந்து வந்த தூளைப் பரப்பிப் புளிக்க வைத்திருந்தார்கள். பச்சை நிறம் போய்ச் செம்பு நிறம் ஏறும் நேரம். மணிக்கூடும் தெர்மோமீட்டரும் சுவரில் இருந்தன. அவர் இரண்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு கைப்பிடி அள்ளி, பொத்தி, மூக்குக்குக் கொண்டுபோனார். பிறகு ஜன்னலுக்குப் போய்க் கையை விரித்தார். நான் எல்ஈடி வெளிச்சத்தில் எடுத்திருந்த படத்தைக் காட்டினேன்.

"தம்பி, இந்த நெறத்துல இருந்தா நான் இன்னும் ட்ரையருக்கே விட மாட்டேன். ஜன்னல்கிட்ட வாங்க, இங்க பாருங்க."

அவர் கையில் இருந்தது புதிதாகத் துலக்கிய செம்பு. என் படத்தில் இருந்தது மண். மலிவான விளக்குகளின் வெளிச்சத்தில் சிவப்புக் குறைவு, அதனால் செம்பு நிறம் செத்துப்போகிறது. நிறத்தைச் சரிசெய்யும் வைட் பலன்ஸை எவ்வளவு திருப்பினாலும் வெளிச்சத்தில் இல்லாத நிறம் திரும்பி வராது. அன்றிலிருந்து புளிக்கும் தூளை ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுக்கிறேன், உள் விளக்கை அணைத்துவிட்டு.

ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த மூக்கு. எங்களுக்கும் அப்படி ஒரு காது உண்டு. ஸ்க்ரூட்ரைவரின் நுனியைப் பெயரிங் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்தால் உள்ளே குண்டு தேய்வது கேட்கும். அம்பியர் முள் எதுவும் காட்டாத நேரத்திலேயே கேட்கும். தொழில்நுட்பம் என்றால் எண்கள், கலை என்றால் உணர்வு என்று பிரித்துப் பேசுகிறவர்களோடு எனக்கு இதனால்தான் உடன்பாடு இல்லை. நல்ல மெக்கானிக்கும் நல்ல டீமேக்கரும் எண்ணைப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் புலனால் முடிவு எடுக்கிறவர்கள். ஷட்டரை எப்போது அழுத்துவது என்பதும் அந்த வகை முடிவு. அது எனக்குக் கெமரா வாங்கிய பிறகு வந்தது இல்லை.

ஹட்டனில் இருந்து டிக்கோயா, நோர்வூட் தாண்டிப் போனால் பொகவந்தலாவை. அங்கே புனித மேரி தேவாலய வளவில் பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1863இல், 48 வயதில், மகளும் மருமகனும் கெமரா ஒன்றைப் பரிசாகக் கொடுத்த பிறகுதான் அவர் படம் எடுக்கத் தொடங்கினார். கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, அது காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவி முடிக்க வேண்டிய காலம். 1875இல் இலங்கைக்கு வந்தார், 1879இல் டிக்கோயாப் பக்கத்துக் கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானார். பிந்தித் தொடங்கியவர்களுக்கு அவர் பெரிய ஆறுதல், என்னைப் போன்றவர்கள் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது.

அவர் இலங்கையில் எடுத்தவற்றில் மிஞ்சியவை கொஞ்சம்தான். அதிலும் கெமராவுக்கு முன்னால் நின்ற உள்ளூர் ஆட்களின் பெயர் பெரும்பாலும் இல்லை. பிறகு வந்த தோட்டத்துப் போஸ்ட்கார்ட்களும் அப்படியே. கூடையும் சிரிப்பும் இருக்கும், கீழே "கொழுந்து பறிக்கும் பெண்" என்று இருக்கும். ஒரு ரோலருக்குக் கூட நம்பரும் வரலாறும் எழுதி வைக்கிற தொழிலில் இருந்து வந்தவன் நான். அந்த ரோலருக்குக் கொழுந்து எடுத்துக் கொடுத்தவரின் பெயரை எழுதாமல் விடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால் என் கொப்பியில் ஆளின் படம் என்றால் பெயர், டிவிஷன், என்ன வேலை, எத்தனை வருடம் என்று அவரிடமே கேட்டு எழுதுகிறேன். கேட்டு, சம்மதம் வாங்கி, பிறகுதான் படம். பிரிண்ட் ஒன்று வீட்டுக்குப் போகும்.

பிரிண்ட் கொடுத்ததில் ஒரு பலன் கிடைத்தது. கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா தன் படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"படம் நல்லாத்தான் இருக்கு ஐயா. ஆனா இது முத்துன இலை, இத நான் எடுக்க மாட்டேன். நீங்க பாருங்கன்னு சொன்னதால கைய அங்க வச்சேன். நான் வேலை செய்யுறப்ப எடுங்க."

இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று எல்லோரும் சொல்வோம். அது எந்தச் செடியில், எந்தக் கிளையில் என்பதை அவர் விரல் கண்ணுக்கு முந்தியே கண்டுபிடிக்கிறது. இப்போது நிரைக்குப் பக்கத்தில் நின்று, அவர் பேச்சில் மூழ்கி என்னை மறக்கும் வரை காத்திருக்கிறேன். வேகமாக ஓடும் விரலுக்கு ஐந்நூறில் ஒரு பங்கு விநாடி வேண்டியிருக்கிறது.

மிஞ்சியிருப்பது ஊவாப் பக்கம். தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியாவை நனைக்கும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை, மலைக்கு அந்தப் பக்கம் அப்புத்தளை, பண்டாரவளையில் காய்ந்த காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறும் பருவம் அது. டெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை எடுக்க ஏராளமானோர் வருகிறார்கள். எனக்கு வேண்டியது ஒரு பெக்டரியின் வாட்டும் மாடி. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே. ஜூலையில் உச்சிச் சூரியன் நமக்கும் வடக்கே நிற்கும், வடக்கு ஜன்னலுக்குள் நேர் வெயில் இறங்கும். ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பர் முதல் வாரத்தில் அது தலைக்கு மேல் வந்து தெற்கே சாய்ந்துவிடும். அதற்குள் போக வேண்டும். அப்புத்தளைக் காற்றுக்கு ட்ரைபொட்டில் தொங்கவிட மணல் பை தைத்தாயிற்று, பெக்டரியில் அனுமதி கேட்டுக் கடிதமும் கொடுத்தாயிற்று.