பீரோவில் கிடக்கும் ரேடியம்

பள்ளியின் பழைய இயற்பியல் லேப் பீரோவைத் துழாவினால், மஞ்சள் நிறத்தில் கதிரியக்கக் குறி ஒட்டிய ஒரு சின்ன ஈயப் பெட்டி அகப்படலாம். ஆல்ஃபா, பீட்டா, காமா என்று பாடம் நடத்த எந்தக் காலத்திலோ வாங்கியது. வாங்கியவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார், லேபிள் உதிர்ந்திருக்கும், ஸ்டாக் ரெஜிஸ்டரில் "கதிரியக்கப் பொருள் - 1" என்பதோடு சரி.

தலைவலியே அங்கேதான். உள்ளே இருப்பது கோபால்ட்-60 என்றால் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், 5.27 ஆண்டு, 40 வருஷம் பூட்டிக் கிடந்திருந்தால் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது. அதுவே ரேடியம்-226 என்றால் அரை ஆயுள் 1,600 ஆண்டு, அதே 40 வருஷத்தில் 2 சதவீதம்கூடக் குறைந்திருக்காது. போதாததற்கு அது சிதையும்போது ரேடான் வாயு வரும், மேலே மூடியிருக்கும் மெல்லிய தகடு நாள்பட்டு விரிசல் விட்டால் வாயு கசிந்து பெட்டிக்குள்ளேயே கதிரியக்கத்தைப் பரப்பிவைக்கும். அதனால் முதலில் அனுப்ப வேண்டியது ரேடியத்தைத்தான் என்பேன்.

அனுப்புவது என்றால் குப்பைத்தொட்டிக்கு இல்லை. சிங்க்கிலும் கூடாது, மண்ணில் புதைக்கவும் கூடாது, பழைய இரும்புக்குப் போடவே கூடாது. 2010-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சும்மா கிடந்த கோபால்ட்-60 கருவி ஒன்று ஏலத்தில் போய், மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் பிரிக்கப்பட்டு, ஓர் உயிர் போனது. அதன் முன்னால் பள்ளியில் இருப்பது வெறும் தூசு, வீண் பயம் வேண்டாம். ஆனால் "எதற்கும் உதவாத சாமான்" என்று கழித்துக்கட்டும் புத்தி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

செய்ய வேண்டியது, நாட்டின் அணுசக்தி ஒழுங்குமுறை அமைப்புக்கு எழுதிக் கேட்பது. விற்ற நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ளுமா, உரிமம் பெற்ற யாரிடம் ஒப்படைப்பது என்று அவர்கள் சொல்வார்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், செலவு வேறு இருக்கும், பள்ளிகள் தள்ளிப்போடுவதும் இதனால்தான். அதுவரை பெட்டி பூட்டிய இடத்தில், தீப்பற்றும் திரவங்களுக்குத் தள்ளியே இருக்கட்டும். கையால் தொடாதீர்கள், நீள இடுக்கியால் எடுங்கள், தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று கண்ணை அருகே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள், கண்ணாடியில் பார்த்தால் போதும். கசிவு சோதனையைத் தெரிந்தவர் யாராவது செய்யட்டும்.

கொண்டுபோனவர்கள் தரும் ரசீதை ரெஜிஸ்டரிலேயே ஒட்டிவிடுங்கள். அப்புறம், காலிப் பெட்டியில் கதிரியக்கம் இல்லை என்று அளந்து உறுதியானதும் அந்த மஞ்சள் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வரும் ஆசிரியர் வெறும் பெட்டியைப் பார்த்துப் பதறி, மறுபடியும் எல்லோருக்கும் கடிதம் எழுத ஆரம்பிப்பார்.