ராத்திரியில் அதன் பெயர் பூச்சி

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பொழுது சாய்ந்த பிறகு பாம்பு என்று வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் வந்துவிடும். பூச்சி என்றுதான் சொல்ல வேண்டும். ஆச்சி மிரட்டி மிரட்டி வளர்த்த பிள்ளை நான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வீட்டுக்கு ஒன்று கண்ணாடிப் பெட்டியோடு வந்து இறங்கியபோது என் மகன் பெயர் தேடி அலையவில்லை. பூச்சி என்றே கூப்பிட்டான்.

2023 ஜூன் மாதம். ரெசர்வாயர் ஹில்ஸில் வீடு எடுத்துக் குடியேறி மூன்று மாதம்கூட முடியவில்லை. வீட்டுக்காரருடைய ஆபீஸ்காரர் ஒருவர் வேறு நாட்டுக்குக் கிளம்பினார். மூன்றடி நீளக் கார்ன் ஸ்நேக், கண்ணாடிப் பெட்டி, அடியில் விரிக்கும் வெப்பப் பாய், தெர்மோஸ்டாட், காகிதங்கள், ஃப்ரீசரில் வைக்க ஒரு பொட்டலம் எலி, எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எலிப் பொட்டலத்தை இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைக்க விடவில்லை, அந்த ஒரு வெற்றி மட்டும் எனக்கு.

விஷம் கிடையாது. சொந்த ஊர் அமெரிக்காவின் தென்கிழக்கு. ஆரஞ்சு உடம்பு, வயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம். பார்க்க அழகுதான், மறைப்பானேன். பகல் முழுக்க மரச்சீவலுக்குள் சுருண்டு கிடக்கும். தலை மட்டும் வெளியே தெரியும், கண் திறந்தே இருக்கும். நான் சமைப்பதையே முறைத்துப் பார்க்கிறது என்று ரெண்டு நாள் முதுகு கூசியது. பாம்புக்கு இமையே இல்லை, அது தூங்குகிறது என்று மகன் சொன்ன பிறகுதான் நிம்மதியாகத் தோசை சுட்டேன்.

ராத்திரிதான் பிரச்சினை.

புது ஊரில் முதலில் பழக வேண்டியது பாஷையோ சாப்பாடோ இல்லை, ராத்திரிச் சத்தம். ஊரில் நாய் குரைத்தால் நாய், அவ்வளவுதான். இங்கே ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு அர்த்தம் இருந்தது, எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதிர்வீட்டு அலாரம் காற்றுக்கு அடிக்கிறதா, ஆளுக்கு அடிக்கிறதா? வாசலில் வந்து நிற்பது செக்யூரிட்டி வண்டியா? கரண்ட் போனால் இன்வர்ட்டர் கீச்சென்று கத்தும். விடியுமுன் ஹாடீடா பறவைகள் யாரையோ வெட்டிப்போட்ட மாதிரி அலறிக்கொண்டு பறக்கும். இத்தனையையும் ஒருவாறு பிரித்துப் பழகி, அசந்து தூங்க ஆரம்பித்த வாரத்தில்தான் பூச்சி வந்தது.

பதினோரு மணிக்குச் சரசரவென்று சீவல் நகரும். அப்புறம் கண்ணாடியில் ஏறும் வழுவழுப்பு. மூலையில் மேலே வரை எழும்பி, மூடியை மூக்கால் முட்டும். தொப்பென்று விழும். மறுபடி ஏறும். ரெண்டு மணி, மூன்று மணி வரை இதே வேலை. நான் கட்டிலில் உட்கார்ந்து மூடியின் கொக்கிகளை மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். அம்மாவிடம் போனில் சொன்னேன். “ஏட்டி, அலையுதுன்னா பசிதான். ஒரு கிண்ணத்துல பால வையி” என்றாள். பாம்புக்குப் பால் செரிக்காது. தாகம் தாங்காமல் இருந்தால்தான் அதில் வாய் வைக்கும். அம்மாவிடம் இதைச் சொல்லி ஜெயிக்க முடியுமா? சரி என்று போனை வைத்தேன்.

ஒரு ராத்திரி மகனும் நானும் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சின் மேல் துணி சுற்றி, தரையில் உட்கார்ந்து பார்த்தோம். பொழுது மங்கிய பிறகுதான் இந்த ஜாதிக்கு நாளே தொடங்குகிறது. நாக்கை நீட்டி நீட்டி வாசனையை எடுத்து மேலண்ணத்தில் இருக்கும் ஓர் உறுப்பில் ஒற்றி அறியும். புது இடத்தில் இந்த நடமாட்டம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். முதல் ஒரு வாரம் கையில் எடுக்காமல், இரை போடாமல் விட்டுவிட வேண்டும் என்று ஆபீஸ்காரர் எழுதியே கொடுத்திருந்தார். ஆனால் நாக்கு நீட்டி நிதானமாகத் திரிவது வேறு, மூக்கு சிவக்கச் சிவக்க ஒரே மூலையில் தேய்ப்பது வேறு. எங்கள் பூச்சி தேய்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மகன் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தான். சூடான பக்கம் 35 டிகிரி. இருக்க வேண்டியது 29, 30. பெட்டியைத் தூக்கி வந்தபோது தெர்மோஸ்டாட்டின் சூட்டை அளக்கும் வயர் நுனி பாயிலிருந்து விலகிப்போயிருக்கிறது. பாவம், சுட்டிருக்கிறது, வெளியேற வழி தேடியிருக்கிறது. நான் அதைச் சாபம் வரைக்கும் கொண்டுபோயிருந்தேன். நுனியை ஒட்டினோம், குளிர்ந்த பக்கம் ஒளிந்துகொள்ள ஒரு செருப்புப் பெட்டியும் வைத்தோம். மூன்றாம் ராத்திரி முட்டல் நின்றது. சரசரப்பு மட்டும் மிச்சம்.

ஜூலையில் கேட்காமல் போன சத்தம்தான் என்னை எழுப்பியது. அந்த வருஷம் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது, உச்சத்தில் இருந்தது, ஒருநாளில் ரெண்டு மூன்று முறை போகும். டர்பன் குளிர் பெரிய குளிரில்லை என்றாலும் ராத்திரி 12 டிகிரிக்கு இறங்கும். கரண்ட் போனால் பாய் ஆறிவிடும். பாம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது, அது பாட்டுக்கு அடங்கிப் படுத்துவிடும். அதில் பெரிய ஆபத்தில்லை. இரை தின்ற ராத்திரி அப்படி ஆனால்தான் வம்பு, சூடில்லாமல் வயிறு செரிக்காது. எங்களுக்கு அது தெரியாது. சாயங்காலம் எலி கொடுத்தோம், ராத்திரி ரெண்டு தவணை கரண்ட் போனது. ரெண்டாம் நாள் காலையில் பாதி கரைந்த எலி வெளியே கிடந்தது. அந்த நாற்றத்தை எழுத எனக்கு மனசு வரவில்லை. ரெண்டு வாரம் வயிற்றைக் காயப்போட்டு, பிறகு சின்ன எலியாகக் கொடுத்துத் தேற்றினோம். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் கரண்ட் அட்டவணையைப் பார்த்துத்தான் பூச்சிக்கு விருந்து. போகும் நேரத்துக்கு வெந்நீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கண்ணாடியோரம் சாய்த்து வைப்பேன்.

அந்த ஆடியில்தான் பக்கத்து வீட்டு ஆன்ட்டி மாரியம்மனுக்குக் காய்ச்சிய கூழைக் கொண்டுவந்தார். இங்கே அதைப் போரிட்ஜ் பிரேயர் என்கிறார்கள். அந்தக் காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்கு இங்கே வந்த குடும்பம். தமிழில் அவருக்கு அம்மா, சாமி, ரசம் என்று சில சொற்கள்தான் மிச்சம். பெட்டியைப் பார்த்துப் பயப்படுவார் என்று நினைத்தேன். கும்பிட்டார். கும்பிட்ட கையோடு, இது கிடக்கட்டும், பின்பக்கக் கதவைச் சாத்தி வை, பால்மியட் பள்ளத்தாக்கிலிருந்து கறுப்பு மாம்பா விஷப்பாம்பு ஏறி வரும் என்று இங்கிலீஷில் ஒரு அதட்டல். வீட்டு வேலைக்கு வரும் ஜூலு அம்மாளும் அந்த அறைக்குள் சத்தம் போட்டுப் பேசமாட்டார். முன்னோர் பாம்பு உருவில் வீட்டுக்கு வருவார்கள் என்ற நம்பிக்கை அவர்களிடம் உண்டு. இது அமெரிக்காப் பாம்பு என்று மகன் சொல்லப்போனான், நான் தடுத்துவிட்டேன்.

லோட் ஷெடிங் 2024 மார்ச் கடைசியில் நின்றது, 2025 முதல் பாதியில் சில நாள் தலைகாட்டிவிட்டுப் போனது. வெந்நீர்ப் பாட்டிலை இன்னும் தூக்கிப் போடவில்லை.

இப்போது சரசரப்பு கேட்டால் நான் எழுந்திருப்பதில்லை. ஒரு சத்தமும் வராத ராத்திரியில் மட்டும் போய்ப் பார்ப்பேன். பெரும்பாலும் கண் பால்போல மங்கியிருக்கும், சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். போன வாரம் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன், அம்மா கூப்பிட்டாள். இங்கே ஒரு மணி, அங்கே நாலரை, வாசல் தெளிக்க எழுந்துவிட்டாள்.

“என்னட்டி, ஒன் பாம்பு முழிச்சிருக்கா?”

“அம்மா, நீயா பாம்புங்க?”

“எனக்கு விடியப்போவுது, நான் சொல்லலாம். நீ சொல்லாத, ஒனக்கு இன்னும் ராத்திரில்லா.”